குருதியின் சாட்சியம் – 9: மறுக்க இயலாதவர்களின் சம்மதம்

எய்ட்ஸ் நோய்க்கு மூலம் ஒரு வைரஸே என்பது பாரிஸிலும் அமெரிக்காவிலும் நிரூபணமான வரலாற்றையும், இரத்த வங்கிகளுக்கு வரும் குருதியைச் சோதித்தறியும் பொருட்டு 1985 மார்ச் மாதத்தில் எலைஸா என்னும் பரிசோதனைக்கு அமெரிக்க அரசாங்கம் அனுமதி அளித்ததையும் சென்ற இதழில் பார்த்தோம். இரத்தத்தைக் காப்பதற்கென்று பிறந்த அந்தப் பரிசோதனை, ஓராண்டு முடிவதற்குள்ளாகவே மனிதர்களைத் தரம் பிரிக்கும் பரிசோதனையாகவும் ஆயிற்று. அந்த மாறுதல் நிகழ்ந்த இடங்களைச் சற்று ஆராய்ந்தால் ஓர் ஒற்றுமை புலப்படும். அமெரிக்காவில் அது இராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் கூடங்களில் நிகழ்ந்தது; நமது சென்னையில், விபசாரத் தடைச் சட்டத்தின்கீழ்ப் பிடிபட்ட பெண்கள் அடைபட்டிருந்த காப்பு இல்லத்தில் நிகழ்ந்தது. கையை நீட்டு என்றால் நீட்டியே தீரவேண்டிய மனிதர்களிடத்தில்தான் இந்த விஞ்ஞானம் தன் பெரும்பாடங்களைக் கற்றுக்கொண்டது என்பதே இவ்வத்தியாயத்தின் பொருள்.

இவ்விஷயத்தைத் திருவேற்காட்டில் உட்கார்ந்து எழுதுவது பொருத்தமற்றது அன்று. கருமாரியம்மன் சந்நிதியால் பெயர் பெற்ற இவ்வூருக்கு வடக்கே, அயப்பாக்கத்தில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. அதற்கும் அப்பால் ஆவடியில் டாங்கிகள் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலையும் விமானப்படை நிலையமும் இருக்கின்றன. பெரியம்மை நாட்டில் உலவிய காலத்தில், ஒரு வீட்டில் அம்மை கண்டுவிட்டால் வாசல் நிலையில் வேப்பிலை செருகி வைப்பார்கள். தெருவுக்கெல்லாம் அது ஓர் அறிவிப்பு. ஆயினும் அதில் வெட்கம் இல்லை. ஆத்தாள் வந்திருக்கிறாள் என்ற பயமும் பக்தியும் இருந்தனவேயன்றி, படுத்திருப்பவர் என்ன பாவம் செய்தார் என்ற விசாரணை இல்லை. 1986-இல் நம் நாட்டில் வெளிப்பட்ட நோயோ, வாசலில் அடையாளம் வைக்க எவரும் துணியாத நோய். பெயர் வெளியே தெரிந்தால் வேலை போகும், குடியிருக்கும் வீடு போகும், கூடப் பிறந்தவர்களும் போவார்கள். ஆகையால் இந்நோயைப் பொறுத்தமட்டில், இரத்தத்தை எடுப்பவர் யார், எதற்காக எடுக்கிறார், முடிவை யாரிடம் சொல்லப்போகிறார் என்ற மூன்று கேள்விகளும் ஆரம்பத்திலிருந்தே பரிசோதனையோடு சேர்ந்தே வந்தன.

முதலில் இராணுவத்தை எடுத்துக்கொள்வோம். 1985 அக்டோபரிலிருந்து, படையில் சேர விரும்பும் ஒவ்வொருவருடைய இரத்தத்தையும் இவ்வைரஸுக்காகச் சோதிப்பது என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தீர்மானித்தது. போர்க்களத்தில் ஒரு சிப்பாயின் இரத்தம் மற்றொரு சிப்பாயின் உடம்பில் ஏறவேண்டி வரும் என்பது அதற்கு ஒரு காரணம். படையில் சேர்பவர்களுக்கு உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தடுப்பூசிகள் பல போடப்படும் என்பது இன்னொரு காரணம்; தன் உடம்பில் எய்ட்ஸ் வைரஸ் இருப்பதை அறியாமல் அம்மைப்பால் வைத்துக்கொண்ட ஓர் இளஞ்சிப்பாய்க்கு உடலெங்கும் அம்மைக் கொப்புளங்கள் கண்ட சம்பவத்தை இராணுவ வைத்தியர்கள் மருத்துவ சஞ்சிகையில் எழுதியிருக்கிறார்கள்.

இந்தப் பெரும் பரிசோதனையின் விஞ்ஞானப் பொறுப்பில் முன்னின்றவர், வால்டர் ரீட் இராணுவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டொனால்ட் பர்க் என்ற இராணுவ வைத்தியர். அவர் அதற்கு முன் பாங்காக் நகரில் பணியாற்றி, ஜப்பானிய மூளைக்காய்ச்சலை இரத்தத்தைக் கொண்டு கண்டறியும் எலைஸா முறை ஒன்றை உருவாக்குவதில் பங்கு கொண்டவர். (இந்தியாவில் அந்தக் காய்ச்சல் முதலில் இனம் காணப்பட்டது 1955-இல் நமது வேலூரில் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம், வேலூருக்கு இந்த அத்தியாயத்தில் மறுபடியும் போகவேண்டியிருக்கும்.) பர்க்கும் அவர் சகாக்களும் 1985 அக்டோபர் முதல் 1986 மார்ச் வரையில் படையில் சேர வந்த 3,06,061 பேருடைய இரத்தத்தை ஆராய்ந்து, அவர்களில் 460 பேருக்குத் தொற்று இருந்ததாக, அதாவது ஆயிரத்துக்கு ஒன்றரைப் பேர் வீதம் இருந்ததாகக் கண்டார்கள். வீரர்களாக வருகிற ஆரோக்கியமான வாலிபர்களிடையே இது இவ்வளவு பரவியிருக்கும் என்று அதுவரையில் எவரும் எண்ணியிருக்கவில்லை.

ஆனால் அந்த 460 என்ற கணக்கு மெய்தானா என்ற கேள்வி எழுந்தபோதுதான் பர்க்கினுடைய மேதை வெளிப்பட்டது. இங்கே ஒரு சிறு கணக்கை வாசகர்கள் பொறுமையோடு போட்டுப் பார்க்கவேண்டும். ஒரு பரிசோதனை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு சரியாகச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லக்ஷம் பேரில் உண்மையில் 100 பேருக்கே தொற்று இருக்குமானால், அவர்களில் 99 பேரை அது கண்டுபிடித்துவிடும். மீதமுள்ள 99,900 பேருக்குத் தொற்று இல்லை. எனினும் நூற்றுக்கு ஒன்று தவறுகிற காரணத்தால் அவர்களில் 999 பேரையும் அது நோயாளிகள் என்று சொல்லிவிடும். ஆகவே நோய் உண்டு என்று அடையாளம் காட்டப்பட்ட 1,098 பேரில் மெய்யான நோயாளிகள் 99 பேர்தாம். பதினொருவரில் ஒருவருக்கே நோய், மற்றப் பதின்மரும் நிரபராதிகள். நோய் எவ்வளவுக்கு அரிதோ அவ்வளவுக்கு நல்ல பரிசோதனையும் அபாண்டம் சுமத்தும் என்பது இதனால் விளங்கும்.

இந்த ஆபத்தைத் தவிர்க்கும்பொருட்டு இராணுவம் ஒரு கிரமத்தை வகுத்தது. எலைஸா ஒருமுறை உண்டு என்றால் மறுபடியும் எலைஸா. அதிலும் உண்டு என்றால், வைரஸின் புரதங்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் என்ற பரிசோதனை. அதற்கும் மேல், அதே மனிதரிடமிருந்து புதிதாக எடுத்த இரத்தத்தில் மீண்டும் ஒரு தடவை. நோய் அரிதாக உள்ள பிரதேசங்களிலிருந்து வந்த 1,35,187 பேரிடம் இக்கிரமத்தைப் பின்பற்றியதில் தவறாக நோயாளி என்று சொல்லப்பட்டவர் ஒருவரே என்று 1988-இல் பர்க் வெளியிட்டார். ஆய்வுக்கூடத்தின் ஒழுங்கு எவ்வளவு உயரத்துக்குப் போகக்கூடும் என்பதற்கு அது இன்றும் ஒரு சாட்சியாக நிற்கிறது.

எனினும் பரிசோதனை பிழையற்றதாக இருப்பது வேறு, நியாயமானதாக இருப்பது வேறு. இராணுவ வைத்தியனுக்கு எஜமானர்கள் இருவர்: ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளி, மற்றொருவர் மேலே உட்கார்ந்திருக்கும் தளபதி. தொற்று எப்படி வந்தது என்று சிப்பாயிடம் விசாரிக்கும் வைத்தியன், அவன் அந்தரங்கமாகச் சொன்னதை மேலதிகாரியிடம் சொல்லலாமா? சொன்னால் அச்சிப்பாய் உத்தியோகத்தை இழக்கலாம். சொல்லமாட்டான் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் அவன் உண்மையே பேசமாட்டான். இந்தத் தர்மசங்கடத்தை உணர்ந்த அமெரிக்கச் சட்டசபை, அத்தகைய விசாரணையில் கிடைத்த செய்தியைக் கொண்டு அவ்வீரர்மீது பாதகமான நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று 1986-இல் சட்டம் செய்தது. ஆனால் 1990 டிசம்பரில், வளைகுடாப் போர் நெருங்கிய சமயத்தில், அதே நாட்டு அரசாங்கம், பரிசோதனை நிலையிலிருந்த மருந்துகளைச் சிப்பாய்களின் சம்மதமின்றியே கொடுக்கலாம் என்ற விதிவிலக்கையும் உண்டாக்கிக்கொண்டது. சுயேச்சையான சம்மதமின்றி எந்த மனிதனையும் ஆராய்ச்சிக்கு உட்படுத்தலாகாது என்று 1947-இல் நியூரம்பர்க் நீதிமன்றம் வகுத்த முதல் விதி, சீருடை அணிந்தவனுக்கு மட்டும் சற்றுத் தளர்ந்தே பொருந்தியது.

இனி சென்னைக்கு வருவோம். 1985-ஆம் ஆண்டின் இறுதியில், சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுநீதி சாலமன், தம்முடைய முதுகலை மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம், ஆய்வேட்டுக்கு எய்ட்ஸ் நோயையே பொருளாக எடுத்துக்கொள்ளும்படி சொன்னார். அது மேல்நாட்டார் நோய், நம் தேசத்துப் பண்பாட்டில் அதற்கு இடமில்லை என்று பெரியவர்களே பேசிக்கொண்டிருந்த காலம் அது. முப்பத்திரண்டு வயதான நிர்மலா தயங்கினார். அவருடைய கணவர் வீரப்பன் ராமமூர்த்தி ஊக்கம் கொடுத்தார். நோய் இருக்கக்கூடிய 200 பேரிடம் இரத்தம் எடுக்கவேண்டும் என்பது திட்டம். பம்பாயிலும் கல்கத்தாவிலும் இருந்ததைப் போன்ற தனித்தெரு சென்னையில் இல்லாதபடியால், பாலியல் தொழில் செய்பவர்களை எங்கே தேடுவது என்று தெரியாமல், நிர்மலா அரசுப் பொது மருத்துவமனையில் பால்வினை நோய்க்குச் சிகிச்சை பெற வந்த சில பெண்களோடு பேசிப் பழகி, அவர்கள் மூலமாக, விஜிலென்ஸ் ஹோம் என்ற அரசுக் காப்பு இல்லத்துக்கு வழி அறிந்துகொண்டார். நீதிமன்றத்தால் அனுப்பப்பட்ட பெண்கள் தண்டனைக் காலத்தைக் கழிக்கும் இடம் அது.

கையுறை இல்லை, விசேஷப் பாதுகாப்பு ஒன்றும் இல்லை. மூன்று மாத காலத்தில் எண்பதுக்கும் மேற்பட்டவர்களின் இரத்தம் சேர்ந்தது. ஆய்வுக்கூட வசதி போதாமையால், சாலமன் தம்முடைய கணவரான இருதய அறுவை நிபுணர் விக்டர் சாலமனிடமிருந்து சில கருவிகளைக் கடன் வாங்கிச் சிறிய ஆய்வுக்கூடம் போன்ற ஒன்றை அமைத்தார்; அங்கே சீரம் பிரிக்கப்பட்டது; பிரித்த சீரம் நிர்மலாவின் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கப்பட்டது. சென்னையில் எலைஸா செய்ய வசதி இல்லை. ஆகவே 1986 பிப்ரவரியில் ஓர் இரவு, கணவனும் மனைவியும் அந்தச் சீரக் குப்பிகளை எடுத்துக்கொண்டு காட்பாடிக்கு ரயில் ஏறி, அங்கிருந்து ஆட்டோவில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை அடைந்தார்கள்.

அங்கே வைராலஜிப் பகுதியின் தலைவர் ஜேக்கப் ஜான், தம் உதவியாளர்களான ஜார்ஜ் பாபுவையும் எரிக் சிமோஸையும் நிர்மலாவுக்குத் துணையாகக் கொடுத்தார். காலை எட்டரை மணிக்குப் பரிசோதனை ஆரம்பமாயிற்று. நண்பகலில் மின்சாரம் நின்றுபோனமையால் தேநீர் அருந்தச் சென்றுவிட்டுத் திரும்பினார்கள். ஜார்ஜ் பாபு தட்டின் மூடியைத் திறந்து பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் மூடிவிட்டார். ஆனால் பக்கத்தில் நின்ற நிர்மலா அதற்குள் கண்டுகொண்டார்: ஆறு குழிகளில் திரவம் மஞ்சளாக மாறியிருந்தது. இப்படி ஒரு முடிவை அவர்களில் எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. அவசரப்பட்டு அறிவிக்காமல், அந்த ஆறு பெண்களிடமும் மறுபடி இரத்தம் பெற்று, அதைச் சிமோஸ் அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்று வெஸ்டர்ன் பிளாட் செய்வித்து நிச்சயப்படுத்தினார்கள். வாஷிங்டன் இராணுவத்தார் கோடிக்கணக்கான டாலர்களைச் செலவிட்டுப் பின்பற்றிய அதே கிரமத்தை, கடன் வாங்கிய கண்ணாடிக் குழாய்களோடு இவர்களும் பெரும்பாலும் பின்பற்றினார்கள் என்பது நம் நாட்டு வைத்திய சரித்திரத்தில் பெருமைக்குரிய ஓரிடம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்குச் செய்தி போயிற்று. பிரதமர் ராஜீவ் காந்திக்கும் தெரிவிக்கப்பட்டது. மே மாதத்தில் மாநிலச் சுகாதார அமைச்சர் எச். வி. ஹண்டே சட்டசபையில் அறிவித்தார்.

இத்தனை ஜாக்கிரதையோடு நடந்த காரியத்தில் ஒரே ஓர் இடம் வெற்றிடமாக இருந்தது. எந்த நோய்க்காக இரத்தம் எடுக்கப்படுகிறது என்று அப்பெண்களிடம் சொல்லப்படவில்லை. பால்வினை நோய்க்காக எடுக்கிறார்கள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். எழுத்தறிவில்லாத அவர்களிடம் எய்ட்ஸ் என்றால் விளங்கியிராது என்று பிற்காலத்தில் நிர்மலாவே ஒளிவுமறைவின்றிக் கூறியிருக்கிறார். அந்த மாணவியைக் குறைகூற இன்று நமக்கு உரிமையில்லை. சம்மதம் பெறவேண்டும் என்ற கொள்கையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980-இலேயே வெளியிட்டிருந்தபோதிலும், ஒரு முதுகலை மாணவியின் கையில் சம்மதப் பத்திரத்தைக் கொடுத்து, இதைப் படித்துக் காட்டிவிட்டு ஊசியை எடு என்று சொல்லும் வழக்கம் நம் கல்லூரிகளில் அன்று வேரூன்றவில்லை. ஆனால் சொல்லாமல் விட்டதன் விளைவைச் சுமந்தவர்கள் அப்பெண்களே. தொற்று உண்டு என்று அறியப்பட்ட பெண்கள், தண்டனைக் காலம் முடிந்த பின்பும், வெளியே விட்டால் நோயைப் பரப்புவார்கள் என்ற காரணத்தால் உள்ளேயே நிறுத்தி வைக்கப்பட்டார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் அவர்களுக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார்; 1990-இல்தான் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. விஞ்ஞானத்துக்கென்று கொடுத்த சில துளி இரத்தம் அவர்களுக்கே விலங்காயிற்று. 1989-இல் கோவாவில் இரத்த தானத்தின் மூலம் தொற்று அறியப்பட்ட டோமினிக் டிசௌஸா என்ற இளைஞரும் அவ்வாறே பிடித்து வைக்கப்பட்டு, நீதிமன்றப் படி ஏறவேண்டி வந்தது.

இந்த அனுபவத்திலிருந்து சுநீதி சாலமன் கற்றுக்கொண்ட பாடம் அவருடைய பிற்கால வாழ்க்கையில் தெரிகிறது. அரசுப் பணியிலிருந்து விலகி, 1993-இல் அவர் சென்னையில் நிறுவிய ஒய். ஆர். ஜி. கேர் என்ற ஸ்தாபனத்தில், பரிசோதனைக்கு முன்னும் பின்னும் நோயாளியோடு உட்கார்ந்து பேசுவது வைத்தியத்தின் பிரிக்க முடியாத அங்கமாக விளங்கிற்று. 2015-இல் அவர் காலமானார். 2017-இல் பத்மஸ்ரீ விருது அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. நிர்மலாவோ தம் ஆய்வேட்டை 1987-இல் சமர்ப்பித்துவிட்டு, கிண்டி கிங் நிலையத்தில் தடுப்பூசி உற்பத்திப் பணியில் அமர்ந்து, புகழை நாடாமல் ஓய்வு பெற்றார்.

இராணுவமும் சென்னைக் காப்பு இல்லமும் இருவேறு உலகங்கள் என்று எண்ணுபவர்களுக்கு நம் நாட்டிலேயே ஒரு மறுமொழி உண்டு. 2002-இல், பராக்கிரம் என்ற இராணுவ நடவடிக்கையின்போது, எல்லைப்புறத்தில் பணியாற்றிய விமானப்படை வீரர் ஒருவர் நோயுற்றுச் சாம்பாவிலிருந்த இராணுவ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கே அவருக்கு ஒரு யூனிட் இரத்தம் ஏற்றினார்கள். அப்போது அவ்விடத்தில் நோய்க்குறியியல் நிபுணர் இல்லை. இரத்தம் ஏற்றுவதன் ஆபத்தை நோயாளியிடம் எடுத்துச் சொன்னதற்கும் அடையாளம் இல்லை. 2014-இல் அவருக்கு எச்.ஐ.வி. என்னும் எய்ட்ஸ் வைரஸ் இருப்பது தெரியவந்தது. ஒவ்வொரு அதிகாரியின் வாசலிலும் ஏறி இறங்கிய பின், 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், விமானப்படையும் தரைப்படையும் சேர்ந்தே பொறுப்பாளிகள் என்று கூறி, ஒரு கோடியே ஐம்பத்து நான்கு லக்ஷத்து எழுபத்து மூவாயிரம் ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. கட்டளைக்குக் கீழ்ப்படிவதையே தர்மமாகக் கொண்ட சிப்பாய், படுக்கையில் விழுந்த பிறகும் கேள்வி கேட்கும் உரிமை பெற்றவனே என்பதுதான் அத்தீர்ப்பின் சாரம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2000, 2006, 2017 ஆகிய ஆண்டுகளில் ஆராய்ச்சி ஒழுக்க நெறிகளைத் திருத்தி விரித்து வெளியிட்டது. அவற்றில் 2017-ஆம் ஆண்டு நெறிகள், விசேஷப் பாதுகாப்புக்கு உரியவர்களின் வரிசையில், பிறருடைய அதிகாரத்துக்கு உட்பட்டவர்கள் என்ற ஒரே தலைப்பின்கீழ், மாணவர்களையும் தொழிலாளர்களையும் பாதுகாப்புப் படையினரையும் விசாரணைக் கைதிகளையும் தண்டனைக் கைதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகின்றன. படைவீரனையும் கைதியையும் ஒரே வரிசையில் வைப்பது படைக்கு அவமானம் என்று சிலர் கருதலாம். உண்மையில் அதுவே அவ்விருவருக்கும் காட்டிய மரியாதை. ஏனெனில் முடியாது என்று சொன்னால் தண்டனை வருமோ என்ற பயம் இருக்குமிடத்தில், சரி என்று சொன்னதற்கு முழு மதிப்புக் கொடுக்கலாகாது என்பதை அந்நெறி ஒப்புக்கொள்கிறது. அதே 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், விஷயத்தை அறிந்து கொடுத்த சம்மதமின்றி எவரையும் பரிசோதிக்கவோ ஆராய்ச்சிக்கு உட்படுத்தவோ கூடாது என்று பொதுவாக விதித்திருக்கிறது.

ஆயினும் அச்சட்டத்திலேயே ஒரு நுட்பமான விலக்கு இருக்கிறது. யாருடைய இரத்தம் என்று தெரியாத வண்ணம், நோய் நாட்டில் எவ்வளவு பரவியிருக்கிறது என்று கணக்கெடுப்பதற்காக மட்டும் சோதிப்பதானால் சம்மதம் வேண்டியதில்லை. 1998 முதல் நம் நாட்டில் ஒழுங்காக நடந்துவரும் கண்காணிப்புக் கணக்கெடுப்பு, சட்டம் வருவதற்கு முன்பே, இதே கொள்கையின் அடிப்படையில் எழுந்தது. கர்ப்பிணிப் பெண்ணிடம் வேறு பரிசோதனைக்காக எடுத்த இரத்தத்தில் எஞ்சியதை, பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டுச் சோதிப்பார்கள். அயப்பாக்கத்து நிறுவனம் தென்மாநிலங்கள் பலவற்றில் இக்கணக்கெடுப்புக்குத் துணை நின்றிருக்கிறது. இதனால் எவருக்கும் அவமானம் நேராது. விஜிலென்ஸ் ஹோமில் நேர்ந்ததுபோல் எவரையும் அடைத்து வைக்கவும் முடியாது. ஆனால் அதே காரணத்தால், தொற்று உள்ள ஒரு தாயைத் தேடிச்சென்று, அம்மா, உனக்கும் உன் குழந்தைக்கும் மருந்து இருக்கிறது என்று சொல்லவும் முடியாது. மருந்து இல்லாத காலத்தில் பெயரை மறைப்பது கருணையாக இருந்தது. மருந்து வந்துவிட்ட பிறகும் அது அப்படியே இருக்கிறதா என்பதை அறிஞர்கள் விவாதித்து வருகிறார்கள். கணக்கெடுப்புக்குப் பக்கத்திலேயே, விரும்புகிறவர் தாமாக வந்து ஆலோசனையோடு பரிசோதித்துக்கொள்ளும் நிலையமும் இருந்தால்தான் அந்த மறைப்பு நியாயமாகும் என்பது என் அபிப்பிராயம்.

இன்று நம் நாட்டில் முதுகலை மருத்துவம் பயிலும் மாணவர்கள், ஆய்வேடு எழுதுவதற்கு ஆராய்ச்சி முறையைப் பற்றிய ஓர் அடிப்படைப் பாடத்தைப் படித்துத் தேறவேண்டும். சம்மதம் பெறும் முறையும் ஒழுக்கக் குழுவின் கடமையும் அதில் ஒரு பகுதி. நிர்மலாவுக்குக் கிட்டாத அப்பாடத்தை நாடு முழுவதற்கும் நடத்துவது அதே அயப்பாக்கத்து நிறுவனம்தான். ஆனால் பாடம் தேறுவதோடு காரியம் முடிந்துவிடாது. எதிரே இருப்பவர் கையெழுத்துப் போடாமல் எழுந்து போனால் அவருக்கு என்ன நஷ்டம் நேரும் என்று ஆராய்ச்சியாளர் முதலில் தம்மையே கேட்டுக்கொள்ளவேண்டும். ஒரு நஷ்டமும் நேராது என்று நெஞ்சறியச் சொல்ல முடிந்தால் மட்டுமே, சம்மதப் பத்திரத்துக்கு அதிலுள்ள காகிதத்தைவிட அதிக மதிப்பு உண்டு.

அமெரிக்க இராணுவ வைத்தியர்கள் 1992-இல் ஆம்ஸ்டர்டாம் மாநாட்டில் வெளியிட்ட ஒரு தடுப்பூசி முடிவு விசாரணைக்கு உள்ளான வரலாற்றையும், பின்னர் தாய்லாந்தில் 16,000-க்கும் மேற்பட்டவர்கள் தாமாக முன்வந்து பங்குகொண்ட பெரும் தடுப்பூசிச் சோதனையையும், 2006-இல் சென்னையில் 32 பேரைக் கொண்டு தொடங்கிய சோதனையையும் அடுத்த இதழில் ஆராய்வோம்.

(தொடரும்)